‘சும்மா விசாரிக்கத்தான்!’ - பிள்ளையை போலீஸ் கூப்பிட்டால் பெற்றோர் என்ன செய்யலாம்?

“செல்போன் திருட்டு விஷயமா உங்க பையனை விசாரிக்கணும்!” இப்படி ஒரு போன் வந்தால் நமக்குக் கை, கால் ஓடாது. ஆனால், 18 வயது நிறையாதவர்களை விசாரிக்க சிறார் நீதிச் சட்டம் 2015-ம், மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளும் தெளிவான எல்லை போட்டிருக்கின்றன.

* பிள்ளையைப் பிடித்தால் பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது.

* குழந்தைகள் நல காவல் அலுவலர் சீருடையில் இல்லாமல், சாதாரண உடையில்தான் பேச வேண்டும். விசாரணையின்போது பெற்றோர் உடனிருக்கலாம்.

* பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் ஆஜர்படுத்த வேண்டும்.

* குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி மிரட்டக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து கேட்கக் கூடாது.

வெறும் சாட்சி என்றால், 15 வயதுக்குட்பட்ட சிறுவனையும், எந்த வயதுப் பெண்ணையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

வீட்டுக்குப் போனால் போதும் என்ற பயத்தில், கேட்ட இடத்திலெல்லாம் பிள்ளைகள் கையெழுத்து போட்டுவிடுவார்கள். “அம்மா, அப்பா வரட்டும் சார்” என்று சொல்ல இன்றே பழக்குங்கள். உதவிக்கு 1098-ஐ அழைக்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் உதவி இலவசம்.