காகித ஆலைக்கு மரம்: மலையிலிருந்து வேண்டாம், வயலிலிருந்து வரட்டும்

சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டியும், நம் பிள்ளைகள் எழுதும் நோட்டும் எந்த மரத்திலிருந்து வந்தவை என்று நாம் கேட்பதில்லை. ஆனால் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்களில் மலையடிவாரத்தில் பயிர் செய்யும் விவசாயிகளுக்கு இக்கேள்வி மிக முக்கியமானது.

மலையும் கண்மாயும்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு மழைநீரை மண்ணில் தேக்கிச் சிறிது சிறிதாக விடுகிறது. இராஜபாளையத்தின் அய்யனார் கோவில் ஆறும், செண்பகத்தோப்பு ஓடைகளும், வத்திராயிருப்புப் பகுதிக்குப் பாசனம் தரும் பிளவக்கல் அணைகளும் இக்காட்டை நம்பியே உள்ளன. மரங்கள் குறைந்தால் மழைநீர் ஒரேயடியாக ஓடிவந்து கண்மாயை மண்ணால் மேடாக்கும். பின்னர் கோடையில் கிணறு வற்றும்.

இக்காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. மரத்துக்கு மரம் தாவி வாழும் இந்த அணிலுக்குக் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இடையில் மரத்தை வெட்டினால் அதன் வழி அறுந்துவிடும்.

ஆலைக்கு நார் கிடைக்கும் வழி

ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தைக் காட்டிலிருந்து எடுக்காமல், மரம் வளர்ப்போருடன் நேரடித் தொடர்பு கொண்டு பெறவேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை கூறுகிறது. 1979இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் செய்கிறது. மரக்கூழும் தேவைப்படுவதால், 2004-05 முதல் விவசாயிகளின் நிலங்களில் மரம் வளர்க்கும் திட்டத்தையும் நடத்திவருகிறது. சக்கை, பழைய காகிதம், பருத்திக் கழிவு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் நாரும் மரத்தின் தேவையைக் குறைக்கிறது.

எந்த நிலத்தில் எந்த மரம்?

வடிகால் வசதியுள்ள செம்மண், மணற்பாங்கான நிலங்களுக்குச் சவுக்கு ஏற்றது. இதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துகிறது. தண்ணீர் தேங்கும் கரிசலில் சவுக்கு செழிக்காது.

தைலமரம் வறட்சி தாங்கும். வெட்டிய பின் மறுதாம்பாகத் தழைக்கும். எனினும் நிலத்தடி நீரை மிகுதியாக உறிஞ்சும். ஆகவே கிணற்றருகிலும், கண்மாய் நீர்பிடிப்பிலும், ஓடைக்கரையிலும் இதை நடக்கூடாது. நெல் விளையும் நன்செய்யை மரத்துக்கு விடவேண்டாம். வேறு பயிருக்கு உதவாத மேட்டு நிலத்தையும் தரிசையும் தேர்ந்தெடுக்கவும்.

நடவு

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், ஐப்பசி, கார்த்திகையில் நடலாம். சவுக்கை 5 அடிக்கு 5 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 1,742 கன்றுகளும், தைலமரத்தை 10 அடிக்கு 5 அடியில் நட்டால் 871 கன்றுகளும் தேவைப்படும். தரமான குளோன் கன்றுகளையே வாங்கவேண்டும். முதலாண்டில் நிலக்கடலை, உளுந்து போன்றவற்றை ஊடுபயிராகப் பயிரிட்டுக் களைச் செலவை ஈடுகட்டலாம். சவுக்கின் பக்கக் கிளைகளை முதல் இரண்டாண்டுகளில் அளவோடு கழித்துவிட்டால் தண்டு நேராக வளரும்.

மரம் வெட்டுக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை வீட்டுச் செலவுக்கு வழி வேண்டும். எனவே நிலம் முழுவதையும் மரத்துக்கு ஒதுக்காமல் ஒரு பகுதியில் மட்டும் தொடங்குவது நல்லது.

எடையும் விலையும்

வெட்டிய பச்சை மரத்தில் ஏறத்தாழ பாதி எடை தண்ணீர்தான். மீதியுள்ள உலர்ந்த மரத்திலும் பாதிக்குக் குறைவாகவே கூழ் கிடைக்கும். பத்து டன் பச்சை மரம் ஏற்றினால் ஆலைக்குக் கிடைக்கும் கூழ் இரண்டு டன்னைச் சற்றே தாண்டும். கரூர் நம் ஊருக்குத் தொலைவு என்பதால் லாரி வாடகையும் கூடும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பின்வருவனவற்றைக் கேட்டறியவும்:

1. விலை வயலில் தரப்படுவதா, ஆலை வாசலில் தரப்படுவதா?
2. எடை பட்டையோடு பார்க்கப்படுமா, பட்டை உரித்தா?
3. வெட்டுக் கூலியும் லாரி வாடகையும் யாருடையவை?
4. குறைந்தபட்ச விலைக்கு உறுதி உண்டா?

பதில்களை எழுத்தில் பெறவும்.

உங்கள் கையில் உள்ள சான்று

ஆலைகளிடம் காகிதம் வாங்குவோர் பலர் இன்று மரம் எங்கே வளர்ந்தது என்று கேட்கின்றனர். இதற்காகவே 1993இல் வனப் பொறுப்பு மன்றம் என்னும் பன்னாட்டு அமைப்பு தோன்றியது; காட்டிலிருந்து காகிதம் வரை மரம் கைமாறுவதைச் சரிபார்த்துச் சான்றளிப்பதற்கான விதிகளை இது வகுக்கிறது. இச்சங்கிலியின் முதல் கண்ணி நீங்கள்தான். சிட்டா, அடங்கல், கன்று வாங்கிய ரசீது, எடைச் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள். எவரேனும் காட்டு மரத்தை உங்கள் சுமையோடு சேர்த்து உங்கள் பெயரில் அனுப்பக் கேட்டால் இடம் கொடாதீர்கள். பெயர் கெடுவதும் வழக்கில் சிக்குவதும் உங்களுக்கே.

மலையையொட்டிய பட்டா நிலமாயின், அங்கு இயல்பாக வளர்ந்த மரங்களை வெட்டும் முன் வனச்சரக அலுவலகத்தில் விசாரிக்கவேண்டும். தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் (1949), மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் (1955) ஆகியவை உங்கள் நிலத்துக்குப் பொருந்துமா என்பது அங்கே தெரியும்.

மேட்டு நிலத்தில் ஒரு சவுக்குத் தோப்பு வளர்ந்தால் ஆலைக்கு நார் கிடைக்கும். உங்களுக்குப் பணம் கிடைக்கும். மலைக் காடு மலையிலேயே நின்றால்தான் அந்தத் தோப்புக்கும் தண்ணீர் கிடைக்கும்.