மாவைத் திருப்பி அரிசியாக்க முடியுமா?

கிரைண்டரில் அரிசியும் உளுந்தும் போட்டு அரைத்து எடுத்தாயிற்று. அந்த மாவைக் கையில் தொட்டுப் பார்த்து, எத்தனை ஆழாக்கு அரிசி, எவ்வளவு உளுந்து, வெந்தயம் உண்டா இல்லையா என்று சொல்ல முடியுமா? அரைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

கம்ப்யூட்டர் விளையாட்டும் அப்படித்தான். அதை எழுதுகிறவர் மனிதர்கள் படிக்கிற மாதிரிதான் எழுதுகிறார். ‘டாங்கியின் பலம் பூஜ்யம் ஆனால் வெடித்துவிடு’ என்பது போன்ற கட்டளைகள், சி++ மாதிரியான ஒரு நிரல்மொழியில் இருக்கும். நடுநடுவே கூட வேலை பார்ப்பவர்களுக்காகச் சின்னச் சின்னக் குறிப்புகளும் எழுதி வைத்திருப்பார். இதற்குத்தான் மூல நிரல், அதாவது சோர்ஸ் கோடு என்று பெயர். கம்பைலர் என்ற கிரைண்டர் இதை அரைத்து வெறும் எண்களாக்கிவிடும். குறிப்புகளில் ஒன்றுகூட மிஞ்சாது. கடையில் நாம் வாங்கும் விளையாட்டு, அரைத்த மாவு.

மாவைப் பார்த்தே பக்குவத்தைக் கண்டுபிடிக்கிற பொறுமைசாலிகளும் உண்டு. டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ் என்று ரயிலும் பஸ்ஸும் ஓட்டுகிற ஒரு பழைய விளையாட்டு. லுட்விக் ஸ்ட்ரீகியஸ் என்பவர் அதன் எண்களை அலசி, முழுவதையும் திரும்ப எழுதி, 2004-இல் ஓப்பன் டிடிடி என்று வெளியிட்டார். எல்லோராலும் ஆகிற காரியமா அது!

சில சமயம் அரைத்த பக்கத்திலிருந்தே பக்குவம் வெளியே வருவதும் உண்டு. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில் வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் இருந்தது. 1995-இல் கமாண்ட் அண்ட் காங்கர், 1996-இல் ரெட் அலர்ட் என்று இரண்டு வியூக விளையாட்டுகளைக் கொண்டுவந்தது. சதுரங்கத்தில் நீங்கள் ஒரு காய் நகர்த்தினால் அடுத்து எதிராளியின் முறை. இங்கே முறை கிடையாது. நீங்கள் யோசிக்கிற நேரத்தில் எதிராளி தொழிற்சாலை கட்டி, டாங்கிகளோடு உங்கள் வாசலுக்கே வந்துவிடுவார். 1998-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் வெஸ்ட்வுட்டை வாங்கியது. 2003-இல் இழுத்து மூடியது. விளையாடியவர்கள் மட்டும் விடவில்லை.

2020-இல் இந்த இரண்டு விளையாட்டுகளையும் புதுப்பித்து விற்றபோது, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மூல நிரலில் ஒரு பகுதியை வெளியிட்டது. 2025 பிப்ரவரியில் இந்த இரண்டோடு, அதே வரிசையில் வந்த ரெனிகேட், ஜெனரல்ஸ் ஆகியவற்றின் மூல நிரல்களிலும் தனக்குச் சொந்தமானதை முழுதாகவே கொடுத்துவிட்டது. ஜிபிஎல் என்ற உரிமத்தின்படி யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால், அதன் மூல நிரலையும் அவர்களுக்குத் தர வேண்டும்.

சரி, உள்ளே அப்படி என்ன இருக்கிறது? எனக்குப் பிடித்த ஒரு தந்திரத்தை மட்டும் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் இரண்டு பேர் இரண்டு வீடுகளில் இருந்து விளையாட, டெலிபோன் கம்பி வழியாக மோடம்தான் இணைப்பு. நல்ல மோடம் நொடிக்கு 28,800 பிட், அதாவது 3,600 பைட் அனுப்பும். களத்தில் 200 டாங்கிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு பலம் பாக்கி என்பதற்கு 10 பைட் போதும் என்போம். நொடிக்கு 15 தடவை அனுப்பினால் 30,000 பைட்! தெருக்குழாயில் அணைத் தண்ணீரைத் திறந்துவிட்ட கதைதான்.

அதனால் டாங்கிகளைப் பற்றி எதையும் அனுப்புவதில்லை. ‘இந்த டாங்கியே, அந்தப் பாலத்துக்குப் போ’ என்று நீங்கள் இட்ட கட்டளை மட்டும்தான் போகும். மீதியை இரண்டு கம்ப்யூட்டர்களும் தனித்தனியே கணக்குப் போட்டு ஒரே விடைக்கு வந்து சேர வேண்டும்.

குண்டு குறி தவறுமா, தவறாதா என்பதற்குத் தாயக்கட்டை உருட்டுவது போல ஒரு எண் வேண்டுமே? இங்கே ஒரு கம்ப்யூட்டரில் 6, அங்கே 1 என்று விழுந்தால், ஒரு வீட்டில் டாங்கி வெடித்திருக்கும், மறு வீட்டில் அதே டாங்கி ஜம்மென்று போய்க்கொண்டிருக்கும். ஆகவே கம்ப்யூட்டரின் தாயக்கட்டை உண்மையில் ஒரு கணக்கு. இதோ அதன் குட்டி மாதிரி: ஒரு எண்ணை 5-ஆல் பெருக்கு, 3 கூட்டு, 16-ஆல் வகுத்து மீதியை எடு. 7-இல் தொடங்கினால் 38; மீதி 6. அந்த 6-இலிருந்து 33, மீதி 1. இப்படியே 8, 11, 10, 5 என்று வரும். பார்த்தால் தாறுமாறு. ஆனால் 7-இல் தொடங்குகிற எவருக்கும் இதே வரிசைதான். விளையாட்டு தொடங்கும்போது இரு பக்கமும் ஒரே தொடக்க எண்ணை வைத்துக்கொண்டால் போதும்.

மூல நிரல் கிடைத்ததும் கம்பைலரில் போட்டால் ஓடிவிடும் என்று நினைக்காதீர்கள். ரெட் அலர்ட்டை அரைக்க 1990-களின் வாட்காம் கம்பைலர் வேண்டும். ஒலிக்கும் மோடத்துக்கும் வேறு நிறுவனங்களிடம் வாங்கிச் சேர்த்த நிரல்கள் இதில் இல்லை. அவை அடுத்தவர் சொத்து. அந்த ஓட்டைகளை ரசிகர்கள்தான் அடைக்க வேண்டும். படங்களும் இசையும்கூட இதோடு வரவில்லை. விளையாட வேண்டுமானால் விளையாட்டைச் சொந்தமாக வாங்கியிருக்க வேண்டும்.

ரசிகர்கள் கையில் போன விளையாட்டு என்ன ஆகும் என்பதற்கு வார்சோன் 2100-ஐப் பாருங்கள். இங்கிலாந்தில் 1999-இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய பம்ப்கின் ஸ்டூடியோஸ் சீக்கிரமே மூடப்பட்டது. 2004 டிசம்பரில் மூல நிரல் ரசிகர்களிடம் வந்தது. அன்று முதல் சம்பளம் வாங்காமல் ஆட்கள் மாறி மாறிப் பழுது பார்க்கிறார்கள். இப்போதும் புதுப் பதிப்புகள் வருகின்றன. இறக்கிக்கொள்ளக் காசு கிடையாது.

ஒரு தாளை எடுத்து அந்தத் தாயக்கட்டைக் கணக்கைத் தொடருங்கள். 7-இல் தொடங்கினால் எத்தனையாவது தடவையில் திரும்ப 7 வருகிறது? பக்கத்தில் இருக்கும் நண்பரை 4-இல் தொடங்கச் சொல்லி, இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.