தணிக்கை நீங்கிய பின்: பர்மியப் பத்திரிகைகளின் பத்தாண்டு

இரங்கூன் அரிசியைப் பற்றி நம் முதியோர் பேசக் கேட்டிருப்போம். அவ்வரிசி வந்த பர்மாவில், இன்று மியன்மார் எனப்படும் அந்நாட்டில், ஒரு காலத்திற் தமிழிதழ்களும் வெளிவந்தன. பயணக் கட்டுரைகளாற் புகழ்பெற்ற ஏ. கே. செட்டியார் 'தனவணிகன்' இதழை நடத்தியது இரங்கூனிலேயே. 1962 மார்ச் 2 இல் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அதன்பின் தனியார் நாளிதழ்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன, தமிழிதழ்களும் நின்றன. எஞ்சிய வார, மாத இதழ்களோ, தணிக்கையாளரின் மேசையைத் தாண்டியே வாசகரை அடையவேண்டியிருந்தன.

2011 இல் தெயின் செயின் தலைமையில், பெயரளவிலேனும் குடியியல் அரசு அமைந்தது. 2012 ஓகஸ்ட் 20 இல் முன்தணிக்கை நீங்கியது. 2013 ஏப்ரில் 1 இல், ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், நான்கு தனியார் நாளிதழ்கள் வெளிவந்தன. ஆயினும் உரிமை கிடைத்த அளவுக்கு முதல் கிடைக்கவில்லை. அரசாங்க நாளிதழ்கள் குறைந்த விலையோடும், நாடளாவிய விநியோகத்தோடும், விளம்பர வருவாயோடும் எதிரே நின்றன. புதியவற்றுட் பல விரைவிலேயே மூடுண்டன. 1973 இல் ஏரிக்கரைப் பத்திரிகை நிறுவனம் அரசின் கைக்குச் சென்றதை அறிந்த நமக்கு, ஆட்சியாளரே பத்திராதிபராய் இருப்பதன் பொருள் விளங்காததன்று.

தணிக்கையாளர் வீடு சென்றார். பழைய சட்டப் புத்தகம் மட்டும் அலுமாரியிலேயே இருந்தது. றொகிங்கியர் பதின்மர் கொல்லப்பட்டதை ஆராய்ந்த ரொய்ட்டர் செய்தியாளர் வா லோன், சோ சோ ஊ ஆகிய இருவரும் 2017 டிசெம்பரிற் கைதாயினர். 2018 இல் அவர்களுக்கு ஏழாண்டுச் சிறையை விதிக்கத் துணைபோனது, ஆங்கிலேயர் 1923 இல் இயற்றிய அரச இரகசியச் சட்டமே. ஐந்நூறு நாட்களுக்கு மேற் சிறையிலிருந்தபின் 2019 மே மாதத்தில் மன்னிப்புப் பெற்று வெளிவந்தனர்.

இவற்றினும் பெரிய மாற்றத்தைச் செய்தது ஒரு சிறு தகடென்பதே என் எண்ணம். முன்னர்ச் செல்வர் மட்டுமே வாங்கத்தக்க விலையிலிருந்த சிம் அட்டை, 2014 இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்ததும் ஏறத்தாழ ஒன்றரை டொலருக்கு இறங்கியது. நாளிதழ் வாசித்துப் பழகுமுன்னரே மக்கள் முகநூலை வாசித்தனர். எழுதியவன் யார், சரிபார்த்தவன் யார் என்ற வினாவுக்கு அங்கே இடமிருக்கவில்லை. அவ்வழியே பரவிய வெறுப்புரையும் துணைநிற்க, 2017 இல் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட றொகிங்கியர் நாட்டைவிட்டு ஓடினர். இது தொலைதூரக் கதையன்று. 2018 பெப்ரவரியில், நம் மாவட்டத்தின் அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மருந்து கலந்த உணவு விற்கப்பட்டதென்ற வதந்தியாற் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது மருந்தன்று, வெறும் மாக்கட்டி என அரச பகுப்பாய்வாளர் கூறியபோது இழப்பு நேர்ந்து முடிந்திருந்தது.

2021 பெப்ரவரி 1 இல் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பற்றியது. மார்ச் 8 இல் ஐந்து செய்தி நிறுவனங்களின் அனுமதிகள் நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான 'பர்மிய சனநாயகக் குரல்' 1992 இல் நோர்வேயின் ஒஸ்லோ நகரிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கி, தணிக்கை நீங்கிய காலத்திற் தாய்நாடு திரும்பியது. அது மறுபடியும் புலம்பெயர்ந்து, எல்லைக்கு வெளியிலிருந்து தன் மக்களுக்குச் செய்தி அனுப்பலாயிற்று.