காலிக் கட்டிலும் காத்திருப்போர் வரிசையும்

கல்லூரி விடுதியில் வாழ்ந்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டிருப்பார்கள். அலுவலக வாயிலில் இடம் கேட்டு மாணவர்கள் பெட்டியும் கையுமாக நின்றுகொண்டிருப்பார்கள். அதே வேளையில் மாடியிலே ஒரு கட்டில், பாயும் தலையணையும் இன்றி வெறுமையாகக் கிடக்கும். இடமும் இருக்கிறது; இடம் வேண்டுவோரும் இருக்கின்றனர்; ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. இஃது ஏன் என்பதையும், இதற்கு அறிஞர்கள் கண்ட வழி யாது என்பதையும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் கணிதம் கற்பித்தவன். சில ஆண்டுகள் மாணவர் விடுதி ஒன்றின் காப்பாளனாகவும் இருந்தவன். கல்லூரி திறந்து சில வாரங்களில் ஒரு மாணவனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிடும். இன்னொருவன் உடல்நலம் குன்றி ஊர் திரும்புவான். வேறொருவன் உறவினர் வீட்டில் தங்கச் சென்றுவிடுவான். இவ்வாறு போகிறவர்கள் ஒரே அறையிலிருந்து போவதில்லை. அறைக்கு ஒருவராகப் போகிறார்கள். பத்துக் கட்டில்கள் காலியானால் பத்து அறைகளில் ஒவ்வொரு குறை விழுகிறது. எஞ்சியிருப்பவனோ தனிமையின் சுகத்தைக் கண்டுகொள்கிறான். "அடுத்த வாரம் என் ஊர் நண்பன் வருகிறான், ஐயா" என்று சொல்லிச் சொல்லியே தீபாவளி வரை நாளைக் கடத்தியவர்களை நான் அறிவேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கென ஒரு நடைமுறை உண்டு. இருவர் தங்கும் அறையில் ஒருவர் போய்விட்டால், எஞ்சியவர்முன் மூன்று வழிகளை வைக்கிறார்கள்: தமக்கேற்ற துணையைத் தாமே தேடிக்கொள்ளலாம், பாதி நிறைந்த வேறோர் அறைக்குச் செல்லலாம், அல்லது கூடுதல் கட்டணம் செலுத்தித் தனியே இருக்கலாம். குறித்த நாளுக்குள் ஒன்றையும் தேர்ந்தெடுக்காவிட்டால் நிருவாகமே முடிவு செய்யும். இது காலிக் கட்டில்களை ஒன்றுசேர்க்கும் வழி. ஆனால் யாருக்கு எந்த அறை என்னும் கேள்வி இதனால் தீர்ந்துவிடாது. அக்கேள்வியில்தான் நான் தவறிழைத்தேன்.

ஓராண்டு நான் ஒரு விதி செய்தேன். "அறை மாற விரும்புகிறவர் முதலில் தம் அறையை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். பிறகு எல்லா அறைகளுக்கும் சீட்டுக் குலுக்கப்படும்" என்பது விதி. எல்லோருக்கும் சமமான விதி என்று எண்ணி மகிழ்ந்தேன். விண்ணப்பம் மிகச் சிலவே வந்தன. மாணவர்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஆண்டிறுதிப் பிரிவுபசார விழாவின்போதுதான் உண்மை தெரிந்தது. சமையற்கட்டை அடுத்த கீழறையில் இருந்த ஒருவன் புகையினால் ஆண்டு முழுவதும் இருமிக்கொண்டே படித்திருக்கிறான். மாடியறைக்குப் போக ஏங்கியிருக்கிறான். மாடியறையில் இருந்த இன்னொருவன் பந்தாட்டத்தில் காலை முறித்துக்கொண்டவன். சாப்பாட்டுக்கூடத்துக்கு அருகில் கீழறை கிடைத்தால் போதுமென்று ஏங்கியிருக்கிறான். இருவரும் விண்ணப்பிக்கவில்லை. "இருப்பதை விட்டுவிட்டுச் சீட்டில் இதைவிட மோசமானது விழுந்தால் என்ன செய்வது, ஐயா?" என்று இருவரும் ஒரே விடையைச் சொன்னார்கள். ஒரு காகிதத்தில் இரண்டு வரி மாற்றி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும் துன்பம் அது. என் விதி அதைத் தடுத்துவிட்டது.

நான் மட்டும் அன்று, கடல் கடந்த பல்கலைக்கழகங்கள் பலவும் இத்தகைய விதியையே கையாண்டன. துருக்கி நாட்டில் பிறந்த பொருளியலறிஞர்களான அட்டிலா அப்துல்காதிரோலு, தய்ஃபுன் சென்மெஸ் ஆகிய இருவரும் 1999-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கட்டுரையில் இவ்விதியின் குறையை விளக்கி, மாற்று வழியையும் காட்டினர். அதன் வேர் இன்னும் பழையது. 1974-இல் லாயிட் ஷாப்லியும் ஹெர்பர்ட் ஸ்கார்ஃபும் வெளியிட்ட ஆய்வில், டேவிட் கேல் என்னும் கணித அறிஞர் சொன்ன ஒரு முறை இடம் பெற்றது. ஒவ்வொருவரும் தமக்கு மிகப் பிடித்த வீடு யாருடையதோ அவரைச் சுட்டிக்காட்ட வேண்டும். எல்லோரும் இப்படிச் சுட்டினால், எங்கேனும் ஒரு வட்டம் அமைந்தே தீரும். ஒருவர் தம்முடையதையே சுட்டினால் அதுவும் ஒரு வட்டமே. வட்டத்தில் உள்ளவர்கள் தம்முள் மாற்றிக்கொண்டு விலகலாம். எஞ்சியவர்கள் மீண்டும் சுட்டலாம்.

விடுதியில் பழைய மாணவர், புதிய மாணவர், காலி இடம் ஆகிய மூன்றும் கலந்திருக்கும். அதற்கு 1999-இன் முறை இவ்வாறு இயங்குகிறது. சீட்டுக் குலுக்கி எல்லோரையும் ஒரு வரிசையில் நிறுத்துகிறோம். பழையவர் எவரும் தம் இடத்தை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. முதலில் நிற்பவர் ஓரிடத்தைக் கேட்கிறார். அது காலியாயிருந்தால் அவருக்கே. அதில் ஒரு பழைய மாணவர் இருந்தால், அவரை வரிசையின் முன்னால் அழைத்து, "உன் இடத்தை ஒருவர் கேட்கிறார், முதலில் நீ விரும்புவதைக் கேள்" என்கிறோம். அவர் வேறு காலியிடத்தைக் கேட்டால் அது அவருக்கு. அவர் விட்ட இடம் கேட்டவருக்கு. "எனக்கு இதுவே போதும்" என்றால் அவர் அங்கேயே இருப்பார். கேட்டவர் தம் அடுத்த விருப்பத்தைச் சொல்வார். இப்படி ஒருவர் ஒருவரை அழைத்து, அந்தத் தொடர் தொடங்கியவரிடமே திரும்பி வந்தால், வட்டத்திலுள்ள அனைவரும் இடம் மாற்றிக்கொள்வர்.

இதன் நயத்தைக் கவனியுங்கள். ஒருவருடைய இடத்தை, அவரைக் கேட்பதற்கு முன் யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே விண்ணப்பிப்பதனால் எவருக்கும் நட்டம் இல்லை. அச்சம் நீங்கினால் விண்ணப்பம் வரும். விண்ணப்பம் வந்தால் மாற்றம் நிகழும். பொய்யான விருப்பத்தை எழுதிக் கொடுப்பதனால் எவருக்கும் ஆதாயம் இல்லை என்பதையும் அவர்கள் நிறுவினர். என் விடுதியில் இம்முறை இருந்திருந்தால், இருமியவன் மாடியைக் கேட்டிருப்பான், கால் முறிந்தவன் அழைக்கப்பட்டுக் கீழறையைக் கேட்டிருப்பான், வட்டம் முடிந்திருக்கும்.

அறைக்கு இவ்வளவு எளிதாக வழி உண்டென்றால், அறைத்தோழனுக்கும் உண்டோ? இங்கேதான் ஒரு வேறுபாடு. அறை எவரையும் வேண்டாம் என்று சொல்வதில்லை, மனிதன் சொல்வான். 1962-இல் கேலும் ஷாப்லியும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கண்ணன், முருகன், வேலன், நம்பி என நான்கு மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம், அறைகள் இரண்டு. கண்ணன் முருகனையும், முருகன் வேலனையும், வேலன் கண்ணனையும் முதலாவதாக விரும்புகிறார்கள். நம்பி மூவருக்கும் கடைசி. கண்ணனை நம்பியோடு சேர்த்தால், வேலன் முருகனை விட்டுக் கண்ணனிடம் ஓடுவான். இப்போது முருகன் நம்பியோடு. உடனே கண்ணன் வேலனை விட்டு முருகனிடம் ஓடுவான். இப்போது வேலன் நம்பியோடு. முருகன் கண்ணனை விட்டு வேலனிடம் ஓடுவான். பழைய நிலைக்கே வந்துவிட்டோம்! எந்தக் காப்பாளராலும் இங்கே நிலையான ஏற்பாடு செய்ய முடியாது. நிலையான ஏற்பாடு உண்டா, உண்டெனில் எது என்று விரைவில் கண்டறியும் முறையை 1985-இல் ராபர்ட் இர்விங் வகுத்தார். இல்லாததை உண்டாக்க அவராலும் முடியாது.

ஆதலின் தோழரைச் சேர்ப்பதில் சீட்டுக் குலுக்கலுக்கு ஒரு சிறப்பு உண்டு. "பிடித்தவரோடு இருக்கட்டும்" என்று விட்டுவிட்டால், ஊரும் சாதியும் வசதியும் பார்த்தே அறைகள் நிரம்பிவிடும். 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் சில மாணவர்களுக்கு மட்டும் தனிப்பந்தி இட்டதனால் எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டையே உலுக்கியது. ஒரு கூரையின்கீழ் படிப்பவர்களைப் பிரித்து வைப்பது சிறிய செய்தி அன்று. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களைக் குருட்டுவாக்கில் அறைகளில் சேர்த்ததைக் கொண்டு நடத்திய ஆய்வு 2001-இல் வெளிவந்தது. அறைத்தோழரின் தாக்கம் ஒருவர் பெறும் மதிப்பெண்ணிலும், எந்த மாணவர் சங்கத்தில் சேர்கிறார் என்பதிலும் புலப்படுவதாக அது காட்டியது. பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் நம் கல்வியின் ஒரு பகுதியே.

அறை மாற்றத்தில் பிறந்த இச்சிந்தனை வேறோர் இடத்தில் உயிரையே காக்கிறது. சிறுநீரகம் தர ஒருவர் முன்வந்தும், அது நோயாளிக்குப் பொருந்தாமற் போவதுண்டு. அத்தகைய இணைகளைச் சேர்த்து வட்டமாக மாற்றிக்கொள்ளலாம் என்பதை ஆல்வின் ராத், சென்மெஸ் முதலியோர் 2004-இல் இதே கருத்தின் வழியில் விளக்கினர். ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012-இல் பொருளியல் நோபெல் பரிசு கிடைத்தது. கேல் 2008-இலேயே மறைந்துவிட்டார்.

மாணவ நண்பர்களே, உங்களிற் சிலர் நாளை விடுதிகளை நடத்துவீர்கள். சிலர் அலுவலகங்களை நடத்துவீர்கள். ஒரு விதிக்கு விண்ணப்பம் வரவில்லையென்றால், குறையில்லை என்று நினைத்துவிடாதீர்கள்; அந்த விதியே மக்களை அஞ்ச வைத்திருக்கலாம். இன்று விடுதியில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: உங்கள் அறையில் ஒரு கட்டில் காலியாயிருந்தால், அதன்மேல் அடுக்கியிருக்கும் புத்தகங்களை இன்றிரவே எடுத்துவிடுங்கள். வாயிலில் ஒருவன் பெட்டியோடு நிற்கக்கூடும்.