முன்பணம் வாங்குமுன் அடக்க விலை பாருங்கள்

தீபாவளிச் சீட்டு நடத்திய மளிகைக் கடைக்காரருக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். மாதாமாதம் பணம் வாங்கும்போது இனிக்கும். எண்ணெய் விலை ஏறிய பிறகு, சொன்ன சரக்கைச் சொன்ன அளவில் கட்டிக் கொடுக்கும்போதுதான் விழி பிதுங்கும். அமெரிக்காவில் வீடியோ கேம் தயாரிக்கும் சிறு குழுவினருக்கும் இதே சோதனைதான். அவர்கள் பட்ட பாட்டில் நமக்கும் பாடம் உண்டு.

பெரிய முதலாளிகளை நாடாமல் விளையாட்டுத் தயாரிக்க விரும்புவோர் பொதுமக்களிடமே பணம் திரட்டுகிறார்கள். இதற்கு வழிசெய்யும் கிக்ஸ்டார்ட்டர் நிறுவனம் 2009-ல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. தேவையான தொகையை முதலில் அறிவிக்க வேண்டும். குறித்த நாளுக்குள் அத்தொகை சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். சேராவிட்டால் யாரிடமும் ஒரு காசும் வசூலிப்பதில்லை. பணம் தருபவருக்கு லாபத்தில் பங்கு கிடையாது. தொகைக்கு ஏற்ற பிரதிபலன் மட்டும் உண்டு. அந்தப் பிரதிபலனைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பிரதிபலன்கள் மூன்று வகைப்படும். விளையாட்டின் பிரதி, நன்றிப் பட்டியலில் பெயர் ஆகியவை முதல் வகை. ஆயிரம் பேருக்குக் கொடுத்தாலும் கூடுதல் செலவு அதிகமில்லை. பனியன், சுவரொட்டி, அச்சிட்ட புத்தகம் ஆகியவை இரண்டாம் வகை. இவற்றுக்குக் கொள்முதல், பெட்டி, தபால் செலவு எல்லாம் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பனியனுக்காக ஒருவர் 25 டாலர் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பனியன் அடக்கம் 8 டாலர், வெளிநாட்டுத் தபாலுக்கு 12 டாலர். கிக்ஸ்டார்ட்டருக்கு 5 சதவீதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் சேர்ந்து சுமார் 2 டாலர். மிஞ்சுவது 3 டாலர்தான். வெறும் விளையாட்டுக்காக 10 டாலர் தருபவரிடம் ஏறக்குறைய 9 டாலர் மிஞ்சும். பெரிய தொகை தந்தவரைவிடச் சிறிய தொகை தந்தவரே தொழிலுக்கு அதிகம் உதவியிருக்கிறார்!

மூன்றாம் வகைதான் ஆபத்தானது. ‘இவ்வளவு பணம் சேர்ந்தால் இன்னும் ஒரு பகுதி சேர்த்துத் தருகிறோம்’ என்று தரும் வாக்குறுதி அது. பொருளுக்கு அடக்க விலை உண்டு. உழைப்புக்கான அடக்க விலையை முன்கூட்டியே யாரால் சொல்ல முடியும்?

கலிபோர்னியாவின் யாட் கிளப் கேம்ஸ் குழுவினர் ‘ஷவல் நைட்’ விளையாட்டுக்காக 2013-ல் 75,000 டாலர் கேட்டார்கள். சேர்ந்ததோ 3,11,502 டாலர். ஆதரவு பெருகப் பெருக, கதையின் வில்லன்களை நாயகர்களாக வைத்து மூன்று கூடுதல் விளையாட்டுகள் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். முதல் விளையாட்டு 2014 ஜூனில் வெளிவருவதற்குள்ளாகவே கைப்பணம் கரைந்து, சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்கள். நல்லவேளையாக விளையாட்டு நன்றாக விற்றது. கூடுதல் பகுதிகளில் முதலாவது 2015-ல் வந்தது. கடைசிப் பகுதி வந்தது 2019 டிசம்பரில்! ஆதரவாளரிடம் அதற்குத் தனி விலை கேட்கவில்லை. வாக்கைக் காப்பாற்றினார்கள், அதற்கு விலையாக ஆறு ஆண்டு உழைப்பைக் கொடுத்தார்கள்.

இதே குழு செய்த சாமர்த்தியமான காரியம் ஒன்றும் உண்டு. ஆதரவாளர் சிலருடைய உருவப்படங்களை விளையாட்டுக்குள்ளேயே ஒரு மண்டபத்தில் மாட்டி வைத்தார்கள். பெட்டியும் இல்லை, தபாலும் இல்லை. பணம் தந்தவருக்கோ காலத்துக்கும் நிற்கும் கௌரவம். வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி வரவேற்கும் நம் கடைக்காரருக்கு இதன் அருமை புரியும்.

நம் தொழிலுக்கும் இது பொருந்தும். முன்பணம் லாபமல்ல, கடன். அன்பளிப்பு அறிவிக்குமுன் அதன் அடக்க விலையையும் அனுப்பும் செலவையும் தாளில் எழுதிப் பாருங்கள். நூறு பேர் கேட்டால் என்ன ஆகும், ஆயிரம் பேர் கேட்டால் என்ன ஆகும் என்று இரண்டு கணக்கும் போடுங்கள். கட்டுப்படியாகாது என்று தெரிந்தால், ‘முதல் ஐம்பது பேருக்கு மட்டும்’ என்று முன்பே அறிவித்துவிடுங்கள்.

குறைவாகச் சொல்லி நிறைவாகக் கொடுப்போம். நாணயம்தானே நம் முதல்!