வீங்கிய வயிறும் 84 நாள் மருந்தும்

ஏழெட்டு மாதக் குட்டி. பந்தைத் துரத்தும், திரைச்சீலையில் ஏறும், விடியற்காலையில் கால் விரலைக் கடித்து எழுப்பும். திடீரென்று ஒரு வாரமாகச் சோர்ந்து கிடக்கிறது. தொட்டால் சுடுகிறது. ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. முதுகெலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு உடம்பு இளைக்க, வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது. மருத்துவர் ஊசியால் உறிஞ்சிப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில், முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும் நீர் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, அந்த நீரைப் பார்த்த மருத்துவர்கள் கருணைக்கொலையைப் பற்றித்தான் பேசத் தொடங்குவார்கள். நோயின் பெயர் ஃபிலைன் இன்ஃபெக்‌ஷியஸ் பெரிட்டோனைட்டிஸ். பூனை வளர்ப்பவர்கள் எஃப்.ஐ.பி. என்பார்கள். வயிற்றில் நீர் கோக்கும் வகை வந்துவிட்டால், மருந்தில்லாத பூனைக்கு மிஞ்சியவை பெரும்பாலும் சில நாட்கள் அல்லது சில வாரங்கள்தான்.

குட்டி போன பிறகு வீட்டில் கேள்விகள் தொடங்கும். தெருப்பூனையைக் கொஞ்சிவிட்டுக் கை கழுவாமல் தூக்கினோமே, அதனாலா? கருத்தடைக்குக் கொண்டுபோனோமே, அதனாலா? சோர்ந்திருந்த முதல் நாளே ஓடியிருந்தால் பிழைத்திருக்குமா? ஆறுதல் சொல்ல வருகிறவர்கள், வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது என்பார்கள். ஒரு பூனைக்குப் போய் இப்படி அழுவார்களா என்று கேட்கிறவர்களும் உண்டு. ஊரார் துக்கமாக ஏற்காத இழப்பைச் சுமப்பவர்களின் நிலையை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-இல் நூலாக்கினார். அப்படிப்பட்டவர்களுக்கு அழுவதற்கு இடமும் இல்லை, விடுப்பும் இல்லை. அதனால் துயரம் உள்ளே திரும்பிக் குற்ற உணர்வாகிவிடுகிறது.

அந்தக் குற்ற உணர்வுக்கு அறிவியலிடம் ஒரு பதில் இருக்கிறது.

எஃப்.ஐ.பி.க்கு மூலகாரணம் பூனைகளின் குடலில் வாழும் ஒரு கொரோனா வைரஸ். நமக்குக் கோவிட் தந்த வைரஸ் அல்ல, அதன் தூரத்து உறவு. மலத்தின் வழியாகப் பரவும். ஒரே மணல் தட்டை இரண்டு பூனைகள் பயன்படுத்தினாலே போதும். பல பூனைகள் சேர்ந்து வாழும் வீடுகளில் இந்த வைரஸைச் சந்திக்காத பூனையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சந்தித்தவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு எதுவும் ஆவதில்லை. சிலவற்றுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். எஃப்.ஐ.பி. வருவது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே. அதிலும் பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டாத குட்டிகளுக்கு.

அந்தச் சிலவற்றுக்கு மட்டும் என்ன நேர்கிறது? இந்த வைரஸின் மரபுச் செய்தி ஏறத்தாழ 29,000 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. பெருகும் ஒவ்வொரு முறையும் அதைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கையில் பிழை விழும். பெரும்பாலான பிழைகளால் வைரஸுக்கு எந்த லாபமும் இல்லை. எப்போதாவது விழும் சில பிழைகள், குடல் உறையின் செல்களில் மட்டும் வாழத் தெரிந்த வைரஸை, இரத்தத்தில் சுற்றிவரும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களுக்குள் பெருகக் கூடியதாக மாற்றிவிடுகின்றன. கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய செல்லே அதைச் சுமந்துகொண்டு உடம்பெங்கும் போகிறது. அந்தச் செல்கள் சிறு இரத்தநாளங்களின் சுவரில் ஒட்டி அழற்சியைத் தூண்ட, நாளங்கள் கசியத் தொடங்குகின்றன. வயிற்றில் சேரும் மஞ்சள் நீர் அப்படிக் கசிந்ததுதான். நீர் கோக்காத வகையும் உண்டு. அதில் சிறுநீரகத்திலும் கண்ணிலும் மூளையிலும் சிறு சிறு கட்டிகள் தோன்றும்; பூனை தள்ளாடி நடக்கும், கண் கலங்கும்.

இப்படி மாறிய வைரஸ் பொதுவாக மலத்தில் வெளியேறி அடுத்த பூனைக்குப் போவதில்லை. தோன்றிய பூனையோடு அது முடிந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு எஃப்.ஐ.பி.யும் ஒரு தனிப் பூனையின் உடலுக்குள் புதிதாகப் பிறக்கிறது. அதை யாரும் வெளியிலிருந்து கொண்டு வரவில்லை. கழுவாத கையில் அது இல்லை. அறுவைச் சிகிச்சை, இடமாற்றம், நெரிசல் போன்ற அழுத்தங்கள் வாய்ப்பைச் சற்றுக் கூட்டலாம் என்கிறார்கள். ஆனால் எண்ணற்ற பூனைகள் அதே அழுத்தங்களைக் கடந்து நலமாக இருக்கின்றன. இந்த நோயைப் பற்றி அறிந்தவற்றுள் குட்டியைப் பறிகொடுத்த ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்லப்பட வேண்டியது இதுதான் என்பேன். மருத்துவமனைகளில் இதைச் சொல்ல நேரம் ஒதுக்குவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

நோயைக் கண்டறிவதும் எளிதல்ல. இரத்தத்தில் கொரோனா எதிர்ப்பொருள் இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நலமான பூனைகளிலும் அது இருக்கும். ரிவால்ட்டா என்ற இத்தாலியரின் பெயரால் வழங்கும் பழைய சோதனை இன்றும் உதவுகிறது. காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு அசெட்டிக் அமிலம் கலந்து, வயிற்றிலிருந்து எடுத்த நீரில் ஒரு துளியை அதன்மேல் விட வேண்டும். துளி கரைந்துபோனால் எஃப்.ஐ.பி. இருக்க வாய்ப்புக் குறைவு. கரையாமல் வடிவம் மாறாமல் மிதந்தாலோ மெல்ல இறங்கினாலோ சந்தேகம் வலுக்கிறது. பெரிய கருவி எதுவும் இல்லாத சிற்றூர் மருத்துவமனையிலும் செய்துவிடலாம்.

பாஸ்டன் நகரின் ஏஞ்செல் மெமோரியல் விலங்கு மருத்துவமனையில் பணியாற்றிய ஜீன் ஹோல்ஸ்வொர்த் இந்த நோயை 1963-இல் விவரித்தார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் மருந்து இல்லை. அந்தக் காலத்தின் பெரும்பகுதியிலும் இந்த நோயோடு போராடியவர், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன். கிலியட் நிறுவனத்தின் ஜிஎஸ்-441524 என்ற மூலக்கூறை எஃப்.ஐ.பி. வந்த 31 வளர்ப்புப் பூனைகளுக்கு அவர் குழு கொடுத்துப் பார்த்தது. 2019-இல் முடிவு வெளியானது. ஐந்து பூனைகள் சிகிச்சையை முடிக்கும் முன்பே இறந்தன அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. மற்ற 26 பூனைகளும் குறைந்தது 12 வாரச் சிகிச்சையை முடித்தன. கட்டுரை அச்சேறியபோது 24 நலமாக இருந்தன. காய்ச்சல் ஒன்றரை நாளுக்குள் இறங்கிவிட்டது. வயிற்று நீர் ஓரிரு வாரங்களில் வற்றியது. பிழைக்கவே பிழைக்காது என்று பாடநூல் சொல்லிவந்த நோய்!

அந்த மூலக்கூறு வேலை செய்யும் விதம் அழகானது. ஆர்.என்.ஏ. இழையைக் கட்ட வைரஸுக்குத் தேவையான துண்டுகளில் ஒன்று அடினோசின். ஜிஎஸ்-441524 பார்வைக்கு அடினோசினைப் போலவே இருக்கும். அது செல்லுக்குள் நுழைந்ததும் செல்லின் நொதிகளே அதன்மேல் மூன்று பாஸ்பேட்டுகளைப் பூட்டித் தயார்செய்கின்றன. வைரஸின் நொதி அதை உண்மையான துண்டு என்று எடுத்துக் கோத்துவிடுகிறது. இன்னும் சில எழுத்துகளில் இழை நீள முடியாமல் நின்றுபோகிறது.

கோவிட் காலத்தில் நாம் தேடி அலைந்த ரெம்டெசிவிரை நினைவிருக்கிறதா? அது உடலுக்குள் போனதும் பெருமளவு ஜிஎஸ்-441524 ஆகத்தான் மாறுகிறது. மனிதருக்கு அந்த மருந்து ஒப்புதல் பெறும் முன்பே, கொரோனா வைரஸ் ஒன்றை அதன் உறவு மூலக்கூறு வென்றுவிடும் என்று பூனைகள் காட்டியிருந்தன.

ஆனாலும் கிலியட் நிறுவனம் பூனை மருந்துக்கு உரிமம் தர முன்வரவில்லை. சீனாவில் தயாரான, முத்திரையில்லாத குப்பிகள் கள்ளச் சந்தையில் புழங்கத் தொடங்கின. குட்டியைக் காக்கத் துடித்தவர்கள் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து அவற்றை வாங்கி, 84 நாட்கள், நாள்தோறும் ஒரே நேரத்தில், தாங்களே தோலுக்கடியில் ஊசி போட்டார்கள். மருந்து அமிலத்தன்மை கொண்டது. ஊசி இறங்கும்போது பூனை வலியில் கத்தும். குணமான பூனையின் மிச்சக் குப்பி அடுத்த வீட்டுப் பூனைக்குப் போனது. இறந்த பூனையின் குப்பியும் போனது. தம் குட்டியைப் பறிகொடுத்தவர்கள் மறுநாளே இன்னொருவர் குட்டிக்கு மருந்தளவு கணக்கிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சட்டத்துக்குப் புறம்பானதுதான், ஆபத்தானதும்கூட. ஆனால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னர் பிரிட்டனில் 2021-இலும் அமெரிக்காவில் 2024-இலும் மருத்துவர் சீட்டோடு முறையாக வாங்க வழி பிறந்தது. இப்போது வாய்வழி மாத்திரையே போதும். நீர் கோக்கும் வகைக்கு 84 நாளுக்குப் பதில் 42 நாளே போதலாம் என்று ஜெர்மனியின் மியூனிக் ஆய்வுக்குழு 2024-இல் காட்டியது. மருந்தளவு எடையைப் பொறுத்தது. குட்டி தேறத் தேற எடை கூடும். அதற்கேற்ப மருந்தையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

பூனையிலிருந்து பூனைக்குத் தாவாது என்ற விதிக்குச் சைப்ரஸ் தீவில் ஒரு விலக்கு நேர்ந்தது. 2023-இல் அங்கே பூனைகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. நாய்களின் கொரோனா வைரஸிலிருந்து மரபணுப் பகுதி ஒன்றை வாங்கிக்கொண்ட புதிய வகை, எஃப்கோவி-23, நேரடியாகவே பரவியது. மனிதர்களுக்காக வாங்கி மிஞ்சியிருந்த கோவிட் மாத்திரைகளைப் பூனைகளுக்குத் தர அந்நாட்டு அரசு அனுமதித்தது. பொருத்தமான தீவுதான். சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரை அடக்கம் செய்து, அரை மீட்டர்கூடத் தள்ளாமல் ஓர் இளம்பூனையையும் முழுதாகப் புதைத்திருந்ததை அதே தீவில்தான் தொல்லியலாளர்கள் கண்டு 2004-இல் அறிவித்தார்கள்.

மருந்து வந்த பிறகும் எல்லாக் குட்டிகளும் பிழைப்பதில்லை. மூளையைத் தொட்டுவிட்ட நோய்க்கு அதிக அளவு மருந்து வேண்டும். சிலவற்றுக்கு நோய் திரும்பும். விலை பலருக்குக் கட்டுப்படியாகாது. மருந்தில்லாமலோ மருந்து பலிக்காமலோ மூச்சுத் திணறும் பூனையை மருத்துவர் கையில் வலியின்றி உறங்கவிடுவதும் அதற்குச் செய்யும் பணிவிடைதான். 2019-க்கு முன் பறிகொடுத்தவர்கள் இன்னொரு கணக்குப் போட்டு வருந்துகிறார்கள்: சில ஆண்டுகள் கழித்து நோய் வந்திருக்கக் கூடாதா என்று. அன்று எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் ஓடியிருந்தாலும் கொடுக்க அவரிடம் மருந்து இருந்திருக்காது.

வீட்டில் வேறு பூனை இருந்தால் அது சில நாட்கள் சரியாகச் சாப்பிடாமல், விளையாடாமல், குரல் கொடுத்துத் தேடித் திரியலாம். துணையை இழந்த பூனைகளைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு 2024-இல் வெளியான ஆய்விலும் இவை பதிவாகியுள்ளன. நம் துக்கத்தை அதன்மேல் ஏற்றிப் பார்க்கிறோமோ என்ற ஐயத்தை ஆய்வாளர்களே எழுப்பியிருக்கிறார்கள். எப்படியானாலும் ஒரு முழு நாள் அது தின்னாமல் கிடந்தால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். பட்டினி பூனையின் ஈரலைக் கெடுக்கும். மிஞ்சிய பூனையைத் தனியே பிரித்து வைக்கத் தேவையில்லை. குடல் வைரஸை ஏற்கெனவே சந்தித்திருக்கும். வேறு பூனை இல்லாத வீட்டில் புதுக்குட்டி கொண்டுவர மனம் வந்தால், மணல் தட்டை மாற்றிவிட்டு இரண்டு மாதமாவது பொறுப்பது நல்லது. உலர்ந்த இடத்தில் அந்த வைரஸ் ஏழு வாரம் வரை தாக்குப்பிடிக்கும்.