வீதிச் சமிக்ஞை விளக்குகளும் தெருவின் தோற்றமும்

உலகின் முதலாவது வீதிச் சமிக்ஞைக் கம்பம் 1868ஆம் ஆண்டு டிசெம்பரில் இலண்டன் பாராளுமன்றத்தின் அருகே நாட்டப்பட்டது. வார்ப்பிரும்பினாலான அக்கம்பத்திற்குப் பச்சை வர்ணமும் பொன்முலாமும் பூசப்பட்டிருந்தன. எரிவாயுவில் எரிந்த அவ்விளக்கு சில வாரங்களிலேயே வெடித்து, அதனை இயக்கிய காவலரைக் காயப்படுத்தியது. அழகில் எக்குறையும் இருக்கவில்லை.

இன்று வதிவாளர்கள் கூறும் குறை வேறானது. மரபுரிமை பேணப்படும் வீதிகளிலும் கடைத்தெருக்களிலும் சாம்பல்நிறக் கம்பங்களும் உலோகப் பெட்டிகளும் தெருவின் முகத்தைக் கெடுக்கின்றன என்பதே அது. அக்குறை நியாயமானது. ஆயினும் சமிக்ஞை விளக்கு கண்ணிற்படுவதற்கென்றே வைக்கப்படுவது. விளக்குமுகத்தின் பின்னுள்ள வெள்ளை ஓரமிட்ட கரும்பலகை பலருக்கு அவலட்சணமாகத் தோன்றும். குளிர்காலத்தில் தாழ்ந்து வீசும் வெயிலில் சாரதி நிறத்தைப் பிரித்தறிய உதவுவது அதுவே. எனவே தெருவோடு ஒன்றவேண்டியவை கம்பமும் பெட்டியும் கம்பிகளுமே, விளக்கு அன்று.

இதனைச் செம்மையாகச் செய்துகாட்டிய வீதி கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட். 2000களின் தொடக்கத்தில் அங்கு நடைபாதை ஓரத் தடுப்புக் கம்பிகள் பெரும்பாலும் அகற்றப்பட்டன. சமிக்ஞை விளக்குகள் தெருவிளக்குக் கம்பங்களிலேயே பொருத்தப்பட்டன. விபத்துகள் பெருகுமென்று அஞ்சியோர் உண்டு. பின்வந்த ஆண்டுகளில் அவை குறைந்தன.

பெட்டியை மறைப்பது அத்துணை எளிதன்று. சமிக்ஞைகளை இயக்கும் கருவிகள் அதனுள்ளே உள்ளன. பழுதுபார்ப்பவர் கதவைத் திறந்து நிற்கும்போதே சந்தியையும் காணவேண்டும். ஆதலால் அதனை மூலைக்குள் ஒதுக்கிவிட முடியாது. நடைபாதையின் நடுவிலும் வைக்கலாகாது. தடையின்றிச் செல்ல 2 மீற்றர் அகலம் விரும்பத்தக்கது என்பது அரசின் வழிகாட்டல். சக்கர நாற்காலியில் செல்பவருக்கும் குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கும் பெட்டியின் நிறத்தைவிட அதன் இடமே முக்கியம்.

கறுப்பு வர்ணம் பூசினால் கம்பம் பழைய கட்டடங்களோடு இசைந்து நிற்கும். ஆனால் பார்வை குன்றியவர் அதன்மீது மோதக்கூடும். அதனால்தான் நிலத்திலிருந்து சுமார் 1.5 மீற்றர் உயரத்தில், ஏறத்தாழ 150 மில்லிமீற்றர் அகலத்தில், வேறுபட்ட நிறத்திலான பட்டி இடுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. அழகுக்காக அப்பட்டியை நீக்குமாறு கேட்பது பொருத்தமற்றது. இன்னொன்றையும் பலர் அறியார். கடவைகள் பலவற்றில், பொத்தான் பெட்டியின் அடியில் சிறு கூம்பு ஒன்று உண்டு. பச்சை மனித உருவம் ஒளிரும்போது அது சுழலும். அருகருகே இரு கடவைகள் உள்ள இடத்தில் ஒலி குழப்பம் விளைவிக்குமாதலால், விழிப்புலனற்றவர் விரல் நுனியால் அக்கூம்பைத் தொட்டே கடக்கும் தருணத்தை அறிகிறார். பொத்தான் பெட்டியைச் சுற்றி ஒட்டப்படும் துண்டுப்பிரசுரமும் பசையும் அதன் சுழற்சியைத் தடுக்கக்கூடும்.

கோயில் திருவிழாவுக்கும் இசை நிகழ்ச்சிக்கும் சமிக்ஞைப் பெட்டிகளில் சுவரொட்டி ஒட்டுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. உரிய அனுமதியின்றி வீதியிலுள்ள அமைப்புகளில் ஒட்டுவதோ எழுதுவதோ 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 132ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். ஓவியம் வரைய விரும்பும் பாடசாலைகளும் சங்கங்களும் முதலில் அனுமதி கோரவேண்டும். பெட்டி தவிர விளக்குமுகத்திலோ பொத்தானிலோ வர்ணம் படலாகாது. வீட்டு வேலியும் மரமும் வீதிமேல் படர்ந்து சாரதியின் பார்வையை மறைத்தால், அதே சட்டத்தின் 154ஆம் பிரிவின்படி 14 நாட்களுக்குள் வெட்டுமாறு உரிமையாளருக்கு அறிவித்தல் வழங்கப்படலாம்.

புதிய பாதசாரிக் கடவை அமைக்குமுன் பகிரங்க அறிவித்தல் கொடுக்கப்படுவது சட்டத் தேவை. கம்பத்தின் நிறம், பெட்டியின் இடம் என்பன பற்றிக் கருத்துரைக்க ஏற்ற காலம் அதுவே. கொங்கிறீற்று இட்டபின் மாற்றுவது செலவு மிக்கது. தலைநகரின் சமிக்ஞை விளக்குகளை இயக்குவது இலண்டன் போக்குவரத்து நிறுவனமான ரி.எப்.எல். ஆகும். சுழலாத கூம்பு, ஒளிராத விளக்கு, மூடாத பெட்டிக் கதவு ஆகியவற்றைச் சந்தியின் பெயரோடும், கம்பத்தில் இலக்கம் இருப்பின் அதனோடும் அறிவிக்கலாம். தமிழில் அறிவிக்க விரும்புவோர் சபையின் வரவேற்பு மேசையில் மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம்.